ஹார்ட்வார்ம்: பூச்சியா, புழுவா, நூலா?

அக்கா பொண்ணு ஹூஸ்டன்ல இருக்கா. போன வருஷம் அங்க ஒரு ஷெல்டர்லேர்ந்து நாய் எடுத்துட்டு வந்தா, நாலு வயசு இருக்கும்னு சொன்னாங்களாம், காது ரெண்டும் தொங்கிப்போன கறுப்பு நாய், வந்த அன்னைக்கே முத்துன்னு பேர் வச்சாச்சு. குடுக்கும்போதே பேப்பர்ல ஹார்ட்வார்ம் பாசிட்டிவ்னு எழுதித்தான் குடுத்தாங்க. வீடியோ கால்ல எங்கம்மா அப்படின்னா என்னடின்னு கேக்க, அவ "ஹார்ட்ல புழு பாட்டி"ங்க, அம்மா யோசிக்கவே இல்ல, "பூச்சிதானே, வேப்பங்கொழுந்த அரைச்சு சுண்டைக்கா அளவு உருட்டி வெறும் வயித்துல குடு, மறுநாள் காலைல எல்லாம் வெளிய வந்துரும்"னாங்க. ஹார்ட்ல இருக்குறது எந்த வழியாம்மா வெளிய வரும்னு கேட்டதுக்கு என்னை ஒரு முறை முறைச்சாங்க. ஆனா தப்பு அம்மா மேல இல்ல, அந்தச் சொல்லு மேலதான். அதைக் கொஞ்சம் பிரிச்சுப் போட்டுப் பாக்கலாம்னு உக்காந்தேன்.

மொதல்ல இந்தப் பூச்சி. நம்ம பேச்சுல வயித்துக்குள்ள நெளியுறது எல்லாமே பூச்சிதான், கீரிப்பூச்சி, நாக்குப்பூச்சி, பிள்ளை ராத்திரி பல்ல நறநறன்னு கடிச்சா "பூச்சி இருக்கு, மருந்து குடு". கொக்கிப்புழு, நாடாப்புழு, உருளைப்புழுன்னு தனித்தனியா பேர் சொல்றதெல்லாம் பள்ளிக்கூடப் புஸ்தகத்துல. நாய் வளக்குற வீட்டுலயும் அதே கதை, மூணு மாசத்துக்கு ஒருக்கா பூச்சி மாத்திரை போடுறோம், டீவார்மிங்னு சொல்லிக்கிறோம். அதுல இருக்குறது பெரும்பாலும் பைரன்டெல், பிராசிகுவான்டெல், ஃபென்பென்டசோல் இந்த வகையறா, எல்லாம் குடல்ல குடியிருக்குற கூட்டத்துக்கான மருந்து. ஹார்ட்வார்ம் பேர்லயும் 'வார்ம்' ஒட்டிட்டிருக்குறதால டீவார்மிங் பண்ணியாச்சு, அப்ப இதுவும் அதுல அடங்கிரும்னு நல்லா படிச்சவங்களே நினைச்சுக்கிறாங்க. அடங்காது. இது குடல் பக்கமே எட்டிப் பாக்காத புழு, மலத்துல முட்டை வராது, மலத்த டெஸ்ட் பண்ணியும் பிரயோஜனம் இல்ல, ரத்தத்துலதான் பாக்கணும்.

சரி வார்ம்தான் குழப்புதுன்னா ஹார்ட்டாவது ஒழுங்கான்னா அதுவும் பாதிதான். வளந்த புழு முக்கியமா இருக்குறது இதயத்துலேர்ந்து நுரையீரலுக்கு ரத்தம் போற தமனியில, எண்ணிக்கை கூடிப்போய் இடம் பத்தலன்னாதான் பின்னாடி தள்ளி இதயத்தோட வலது பக்கத்துக்கு வருது. அதனால நாய் மொதல்ல இருமும், ரெண்டு தெரு நடந்ததும் உக்காந்துரும், மெலியும், முத்திப்போனா வயித்துல தண்ணி கோக்கும். பொட்டைப் புழு 25லேர்ந்து 30 சென்டிமீட்டர், அதாவது பள்ளிக்கூடப் பையன் ஸ்கேல் நீளம், பாக்க வேகவச்ச சேமியா மாதிரி. இந்தச் சேமியா நாய் உடம்புல 5லேர்ந்து 7 வருஷம் உசுரோட இருக்கும்.

இப்ப அறிவியல் பேருக்கு வருவோம், எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். டைரோபைலேரியா இம்மிட்டிஸ். லத்தீன்ல 'டைரஸ்'னா கொடிய, பயமுறுத்துற. 'ஃபைலம்'னா நூல். 'மிட்டிஸ்'னா சாந்தமான, மென்மையான, முன்னாடி 'இம்' சேந்தா அது இல்லாதது, இரக்கங்கெட்டது. முழுசா சேத்துப் படிச்சா 'இரக்கமில்லாத கொடுநூல்'. 1856ல அமெரிக்காவுல ஜோசப் லீடிங்குறவர் வெறும் பைலேரியா இம்மிட்டிஸ்னுதான் பேர் வச்சார், 1911ல ரய்யேன்னும் ஆன்ரின்னும் ரெண்டு பிரெஞ்சுக்காரங்க டைரோவ முன்னாடி ஒட்டவச்சாங்க. ஏற்கெனவே இரக்கமில்லாததுன்னு பேர் வாங்கின புழுவுக்கு இன்னொரு வசவு. நூலுங்குறது பேர்லயே இருக்கு, அப்ப தமிழ்ல நூற்புழுன்னு வச்சுட்டா என்னன்னா அங்கதான் இடிக்குது. நூற்புழு ஏற்கெனவே விவசாயத்துல புழங்குற சொல்லு, வாழைத் தோட்டம், தக்காளித் தோட்டம் வச்சிருக்குறவங்கள கேளுங்க, வேர்முடிச்சு நூற்புழுன்னு சொல்வாங்க, அது நெமடோடு. நெமடோடுங்குற கிரேக்கச் சொல்லுலயும் நூலுதான் இருக்கு, அதனால அந்தப் பெரிய குடும்பம் முழுசுக்கும் நூற்புழுன்னு போயிருச்சு. அதுக்குள்ள ஒரு கிளைதான் பைலேரியா. கிளைக்குத் தனியா 'இழைப்புழு'ன்னு சொன்னா குழப்பம் தீரும்னு எனக்குப் படுது.

பைலேரியான்னதும் நம்ம ஊர்ல வயசானவங்களுக்கு ஞாபகம் வர்றது யானைக்கால். கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் சுகாதாரத் துறைக்காரங்க ராத்திரி வந்து கதவத் தட்டி விரல்ல ஊசி குத்தி கண்ணாடித் துண்டுல ரத்தம் தடவிட்டுப் போவாங்க, ஏன் ராத்திரின்னா அந்தப் புழுவோட குட்டிங்க ராத்திரிதான் மேல் ரத்தத்துக்கு வரும், கொசு கடிக்கிற நேரம் பாத்து. அதுவும் இதுவும் பங்காளிங்க. அது மனுஷனோட நிணநீர்க் குழாயில உக்காந்து கால வீங்க வைக்குது, இது நாயோட நுரையீரல் தமனியில உக்காருது, ரெண்டுக்கும் வண்டி கொசுதான். இன்னொரு ஒட்டும் இருக்கு. யானைக்காலுக்கு வருஷத்துக்கு ஒருக்கா குடுத்த டிஇசி மாத்திரை, அத 1940கள்ல அமெரிக்காவுல லெடர்லே கம்பெனியில கொண்டுவந்தது எல்லாப்பிரகட சுப்பாராவோட டீம், நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்ச மனுஷன். அதே டிஇசியத்தான் பல வருஷம் அமெரிக்காவுல நாய்ங்களுக்கு ஹார்ட்வார்ம் வராம இருக்க தினமும் ஒரு மாத்திரையா குடுத்தாங்க. ஆனா அதுல ஒரு ஆபத்து, ஏற்கெனவே ரத்தத்துல குட்டிப்புழு ஓடுற நாய்க்குக் குடுத்தா ஷாக் ஆகி செத்தே போயிரலாம். டெஸ்ட் பண்ணாம மருந்து குடுக்காதேங்குற பழக்கம் அப்ப வந்தது, வளந்த நாய்க்கு இன்னைக்கும் அதான் வழக்கம்.

அந்தக் குட்டிப்புழுவுக்குப் பேரு மைக்ரோபைலேரியா. நம்ம ஊர் ஆளுங்க கவனிக்க வேண்டிய சொல்லு இதுதான். இங்க நாய்க்குக் காய்ச்சல்னு ரத்தம் எடுத்து, கண்ணாடித் துண்டுல தடவி ஸ்மியர் பாப்பாங்க, ரிப்போர்ட்ல 'மைக்ரோபைலேரியா தெரியுது'ன்னு வரும், உடனே கூகுள்ல தேடி ஐயோ ஹார்ட்வார்ம்னு அழ ஆரம்பிச்சுருவாங்க. பொறுங்க. மைக்ரோபைலேரியான்னா ஏதோ ஒரு இழைப்புழுவோட குட்டின்னு மட்டும்தான் அர்த்தம், எந்த இழைப்புழுன்னு அந்தச் சொல்லு சொல்லாது. கேரளாவுலயும் இலங்கையிலயும் அதிகமா பாக்குறது டைரோபைலேரியா ரெபென்ஸ், 'ஊர்ந்து போறது'ன்னு அர்த்தம், இது தோலுக்கு அடியில இருக்கும், இதயத்துக்குப் போகாது, எப்பவாவது மனுஷங்க கண்ணுல வந்து பேப்பர்ல செய்தி ஆகும். இம்மிட்டிஸ் இந்தியாவுல அசாம், மிசோரம் பக்கம்தான் பெருசா பேசப்படுது. குட்டிய நல்லா பாக்கணும்னா நாட் டெஸ்ட்னு ஒண்ணு, 1 மில்லி ரத்தத்துல 9 மில்லி 2 சதவீத ஃபார்மலின் கலந்து, சுத்தவிட்டு, அடியில படிஞ்சதுக்கு நீலச்சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்ல அளந்து பாப்பாங்க.

ஹூஸ்டன்ல முத்துவுக்கு எடுத்த முதல் டெஸ்ட் வேற, ஆன்டிஜென் டெஸ்ட். அது வளந்த பொட்டைப் புழு ரத்தத்துல விடுற ஒரு பொருளத் தேடுது, பத்து நிமிஷத்துல புள்ளி தெரிஞ்சுரும். இங்க உண்ணிக் காய்ச்சலுக்கு எடுக்குற சில கிட்டுலயும் இது ஒரு புள்ளியா கூடவே வரும். ஆனா 'நெகட்டிவ்'ங்குற சொல்ல 'இல்லை'ன்னு மொழிபெயர்த்தா மோசம் போயிருவோம். கொசு கடிச்ச நாள்லேர்ந்து புழு வளந்து டெஸ்ட்ல மாட்ட சுமார் 6 மாசம் ஆகும், கடுவன் புழு மட்டும் இருந்தா மாட்டவே மாட்டாது. அதனால நெகட்டிவுக்குச் சரியான தமிழ் 'தென்படவில்லை'. 7 மாசத்துக்குக் கீழ உள்ள நாய்க்குட்டிக்கு டெஸ்ட் பண்ணாமயே மருந்த ஆரம்பிக்கிறதும், வளந்த நாய்க்கு இன்னைக்கு ஒண்ணு 6 மாசம் கழிச்சு ஒண்ணுன்னு பாக்குறதும் இதனாலதான், அப்புறம் வருஷா வருஷம்.

இதெல்லாத்தையும் விட பெரிய பித்தலாட்டச் சொல்லு 'பிரிவென்ஷன்'. தடுப்பு மருந்துன்னு மொழிபெயர்த்ததும் நம்ம மனசு தடுப்பூசிக்கு ஓடுது, ஒருக்கா போட்டா வேலி போட்ட மாதிரின்னு. அந்த மாசாந்திர மாத்திரை கொசுவத் தடுக்காது, கொசு வழியா புழுக்குட்டி உள்ள வர்றதையும் தடுக்காது. போன மாசம் உள்ள வந்து தோலுக்கு அடியில தவழ்ந்துட்டிருக்குற குட்டிய இந்த மாசம் கொல்லுது, அவ்வளவுதான். இது களையெடுப்பு. முளைச்சதுக்கு அப்புறம் வேர் விடுறதுக்கு முன்னாடி பிடுங்குறது. உள்ள நுழைஞ்சு சுமார் ரெண்டு மாசத்துல குட்டி அடுத்த நிலைக்குப் போயிரும், அப்புறம் இந்த மாத்திரைக்கு அது சட்டுன்னு மசியாது. ரெண்டு மாசம் மறந்துட்டு மூணாவது மாசம் ரெண்டு மாத்திரையா போட்டாலும் ஓட்டை ஓட்டைதான். குளிருலயும் விடாம பன்னெண்டு மாசமும் குடுங்கன்னு அமெரிக்கன் ஹார்ட்வார்ம் சொசைட்டி கத்துறது இதுக்குத்தான். என்னைக் கேட்டா இதுக்கு மாசக்களை மருந்துன்னே பேர் வைக்கலாம்.

அதுல பேர்போனது ஐவர்மெக்டின். ஜப்பான் மண்ணுல கிடைச்ச ஒரு நுண்ணுயிர்லேர்ந்து வந்தது, ஓமுராவுக்கும் கேம்ப்பெலுக்கும் 2015ல நோபல் வாங்கிக் குடுத்துச்சு. ஹார்ட்வார்முக்கு வேணும்கிறது கிலோவுக்கு வெறும் 6 மைக்ரோகிராம், 20 கிலோ நாய்க்கு 120. மாட்டுக்குப் போடுற 1 சதவீத ஊசி மருந்துல 1 மில்லிக்குள்ள 10,000 மைக்ரோகிராம் இருக்கு, அதாவது அந்த நாய்க்கு 80 மாசத்துக்கு மேல தாங்குற அளவு. இதத்தான் சில பேர் மெடிக்கல் ஷாப்ல வாங்கி வந்து 'சும்மா கொஞ்சம்' போடுறாங்க. கோலி, ஷெல்டி மாதிரி நாய்ச் சாதியில பலதுக்கு மரபணுக் கோளாறு இருக்கும், கூடுதலா போனா மருந்து மூளைக்கே ஏறிரும், விழுந்துரும். டாக்டர் அளந்து குடுக்காம தொடாதீங்க.

பாசிட்டிவ் ஆன முத்துவுக்கு வைத்தியம் மெலார்சொமைன், வளந்த புழுவக் கொல்ற ஊசி மருந்து. உள்ள இருக்குறது ஆர்சனிக், நம்ம சித்த வைத்தியத்துல சொல்ற பாஷாணத்தோட வாரிசு. மொதல்ல ஒரு மாசம் டாக்சிசைக்ளின்னு ஒரு ஆன்டிபயாடிக், புழுவுக்குள்ளயே வோல்பாக்கியான்னு ஒரு பாக்டீரியா கூட்டாளியா குடியிருக்கு, அத ஒழிச்சுட்டா புழு பலம் இழக்கும். அப்புறம் கீழ்முதுகுச் சதையில ஆழமா ஊசி, ஒண்ணு, ஒரு மாசம் கழிச்சு அடுத்தடுத்த நாள்ல ரெண்டு. கஷ்டம் அதுக்கப்புறம்தான், செத்த புழு எங்கயும் வெளிய வராது, துண்டு துண்டா நுரையீரல்ல போய் அடைக்கும், நாய் ஓடினா குதிச்சா உசுருக்கே ஆபத்து. அக்கா பொண்ணு மாசக்கணக்கா முத்துவ கூண்டுலயே வச்சிருந்தா, வெளிய போறதுக்கு மட்டும் கயித்துல கட்டி நிதானமா. அணில் ஒண்ணு வேலி மேல ஓடுச்சாம், இது கூண்டுக் கம்பியில மூக்க வச்சுட்டு அழுதுச்சாம், இவளும் சேந்து அழுதிருக்கா.

கடைசியா ஹார்ட்வார்முக்கு என்ன சொல்றது? இதயப்புழு பரவலா இருக்கு, புரியவும் செய்யுது, இதயம் வடமொழியிலேர்ந்து வந்ததுன்னு யோசிக்கிறவங்களுக்கு நெஞ்சாங்குலைன்னு பழைய சொல்லு இருக்கு, ஆனா நெஞ்சாங்குலைப் புழுன்னு கிளினிக் கவுன்ட்டர்ல சொல்லிப் பாருங்க, திருப்பிக் கேப்பாங்க. நான் இதயப்புழு பக்கம்தான். லார்வாவுக்கு இலங்கைப் பாடப்புஸ்தகத்துல குடம்பின்னு அழகான சொல்லு இருக்கு, மைக்ரோபைலேரியாவ நுண்ணிழைன்னு வச்சுக்கலாம்.

அம்மா இது எதையும் ஏத்துக்கல. மாசம் பொறந்தா ஹூஸ்டனுக்கு ஃபோன் போட்டு, "முத்துவுக்கு நெஞ்சுப்பூச்சி மாத்திரை குடுத்தாச்சா?"ன்னுதான் கேக்குறாங்க.