லைன்-அப்பில் இரண்டாவது பெயர்

போன வாரம் ஒரு அப்பா என் மேசையில் ஒரு தாளை விரித்து வைத்தார். அதில் பாதிக் கூடைப்பந்துக் களம் வரைந்திருந்தது. வளையத்துக்குப் பக்கத்தில் ஒரு வட்டம், மூன்று பாயிண்ட் கோட்டை ஒட்டி நான்கு வட்டங்கள், ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு பெயர். 2 என்று எண் போட்ட வட்டத்தில் இருந்தது அவருடைய மகளின் பெயர்.

"நவம்பர் ரெண்டாவது வாரம் முதல் மேட்ச்சுங்க மேடம். பிப்ரவரி ஆரம்பத்துல ஆபரேஷன் பண்ணினோம். ஒன்பது மாசக் கணக்கு சரியா வந்துருதுங்களே?"

நாமக்கல் பக்கத்துக்காரர். கனெக்டிகட்டுக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. மகள் நியூ இங்கிலாந்தில் ஒரு சிறிய கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மூன்றாம் டிவிஷன் அணி. விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது, ஆசைக்காக ஆடுகிற பிள்ளைகள். போன ஜனவரியில் ஒரு ஆட்டத்தில் பந்தோடு ஓடி வந்து, சட்டென்று நின்று திரும்பியிருக்கிறாள். யாரும் மோதவில்லை, யாரும் தள்ளவில்லை. இடது முட்டி ஜவ்வு கிழிந்துவிட்டது. ஏ.சி.எல். என்று விளையாட்டுச் செய்திகளில் அடிக்கடி படிக்கிறோமே, அதே ஜவ்வுதான். (வீட்டாரின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

ஹார்ட்ஃபோர்டுக்கு அருகே பிசியோதெரபிஸ்ட்டாக வேலை பார்க்கிறேன். அக்டோபர் வந்துவிட்டால் எங்கள் கிளினிக்கின் காத்திருப்பு அறையில் வேறு பேச்சே இருக்காது. முட்டி மாற்று அறுவை செய்துகொண்ட எழுபது வயதுத் தாத்தாக்களும் பாட்டிகளும் யூகான் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) பெண்கள் அணியில் யார் பாயிண்ட் கார்டு (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர்), முதலாண்டு மாணவி நேராக முதல் ஐந்தில் இறங்குவாளா, பயிற்சியாளர் ஜீனோ ஆரியம்மா இந்த வருடம் சோன் (ஆளுக்கு ஆள் நிற்காமல் இடத்தைக் காக்கும் தடுப்பு முறை) ஆடவைப்பாரா என்று விவாதிப்பார்கள். எனக்கு அது பிடிக்கும். நான் பெரியகுளத்தில் வளர்ந்தவள். கோடையில் அங்கே அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்கும். எந்த டீம் எந்த ஐந்து பேரை இறக்கும் என்று கேலரியில் பெரியவர்கள் போடும் சண்டையைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்த ஆட்டமே எனக்குப் புரிந்தது. ரசிகர்கள் லைன்-அப் போடுவது ஆட்டத்தின் மேல் இருக்கிற பிரியத்தால். அதை நிறுத்தச் சொல்லி நான் இதை எழுதவில்லை.

காயத்திலிருந்து திரும்பி வருகிற ஒரு பெண்ணின் பெயரை அந்த லைன்-அப்பில் எழுதும்போது எந்தக் கணக்கைப் பார்த்து எழுதுகிறோம் என்பதுதான் என் கவலை.

2023 அக்டோபரை எடுத்துக்கொள்ளுங்கள். சீசன் தொடங்குவதற்கு முந்தைய ஏ.பி. (அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம்) தரவரிசையில் யூகானுக்கு இரண்டாம் இடம். பெய்ஜ் பெக்கர்ஸ் திரும்பி வருகிறார், கூடவே அஸி ஃபட், நிகா மூல், ஆலியா எட்வர்ட்ஸ். எங்கள் காத்திருப்பு அறையில் எல்லோரும் ஒரே லைன்-அப்பைத்தான் சொன்னார்கள். நடந்தது வேறு. எகிப்திலிருந்து வந்த ஜனா எல் அல்ஃபிக்கு ஜூலையிலேயே குதிகால் தசைநாண் அறுந்திருந்தது. அஸி ஃபட் இரண்டே ஆட்டம் ஆடி, நவம்பரில் பயிற்சியின்போது ஏ.சி.எல். கிழிந்து சீசனை இழந்தார். பள்ளிக்கூட நாட்களில், 2019-லேயே, அவருக்கு ஒரு முறை ஏ.சி.எல். கிழிந்திருந்தது. ஜனவரியில் ஆப்ரி கிரிஃபினுக்கும் ஏ.சி.எல். போனது. கரோலின் டுஷார்ம், அயானா பேட்டர்சன் இருவரும் வெளியே. கடைசியில் கே.கே. ஆர்னால்டு, ஆஷ்லின் ஷேடு என்ற முதலாண்டுப் பெண்கள் இருவரை முதல் ஐந்தில் இறக்க வேண்டியதாயிற்று. வெளியே நின்று பந்தை நகர்த்தும் கார்டான பெக்கர்ஸ் பல ஆட்டங்களில் வளையத்தருகே ஆடும் பவர் ஃபார்வர்டாக நின்று தன்னைவிடப் பெரிய ஆட்களோடு முட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டே அவர்கள் கடைசி நான்கு அணிகள் வரை வந்து, அயோவாவிடம் 71-69 என்று தோற்றார்கள்.

அந்த வருடம் ஆடிய பெக்கர்ஸின் முட்டியை நினைத்துப் பாருங்கள். 2022 ஆகஸ்டில் ஏ.சி.எல். கிழிந்தது. 2023 நவம்பரில்தான் ஆட்டத்துக்கு வந்தார். பதினைந்து மாதம். அஸி ஃபட் இரண்டாம் முறை திரும்பி வர ஒரு வருடம் ஆனது. 2025 ஏப்ரலில் சவுத் கரோலைனாவை 82-59 என்று வீழ்த்திக் கோப்பை வாங்கிய அந்த ராத்திரி அவர் அடித்தது 24 பாயிண்ட். அதே வருடம் மார்ச்சில் காயம்பட்ட யூ.எஸ்.சி. (தெற்கு கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம்) அணியின் ஜூஜூ வாட்கின்ஸ், அடுத்த சீசன் முழுவதையும் விட்டுவிடுவதாக செப்டம்பரிலேயே அறிவித்தார். உலகத்தின் மிகச் சிறந்த மருத்துவ வசதி கையெட்டும் தூரத்தில் இருக்கிறவர்கள் எடுத்துக்கொண்ட காலம் இது. ஒரு சின்னக் கல்லூரிப் பெண் ஏன் ஒன்பது மாதம் முடிந்த முதல் நாளே களத்தில் நிற்க வேண்டும்?

சரி, அந்தத் தாளுக்கு வருவோம். அப்பா போட்டது நல்ல திட்டம்தான், மறுக்க மாட்டேன். மூன்று சீனியர்கள் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். உயரமான சென்டர் இல்லை. அதனால் நான்கு கார்டுகள், உள்ளே ஒரே ஒருத்தி. எதிரணி பந்தை உள்ளே எறிந்த நொடியிலிருந்து முழுக்களப் பிரஸ், அதாவது களம் முழுக்க விடாமல் நெருக்குவது. பந்தைப் பிடுங்கினால் ஓட்டம். உயரத்தில் விட்டதை வேகத்தில் பிடிப்பது. இளம் அணிகளுக்கு ரசிகர்கள் எல்லோரும் சொல்கிற யோசனை இதுதான். "சின்னப் பிள்ளைங்க, ஓட விடுங்க" என்பார்கள்.

பிரஸ் ஆடுவது முட்டிக்கு என்ன வேலை என்று பார்க்க வேண்டும். களம் 94 அடி. பிரஸ் ஆடும் கார்டு பந்து வைத்திருப்பவளை நோக்கிப் பாய வேண்டும், அவள் முன்னால் சடாரென நிற்க வேண்டும், அவள் திரும்பும் பக்கம் திரும்ப வேண்டும், தாண்டிவிட்டால் பின்னால் துரத்த வேண்டும். ஒரு ஆட்டத்தில் இது எத்தனை முறை! ஏ.சி.எல். பெரும்பாலும் கிழிவது இப்படி நிற்கிற, திரும்புகிற, குதித்துத் தரையிறங்குகிற நொடியில்தான், பெரும்பாலும் யாரும் மோதாமலேயே. பள்ளிக்கூட ஆட்டம் 32 நிமிடம், கல்லூரியில் 40. முதலாண்டுப் பெண்களுக்கு அந்த எட்டு நிமிடமே பெரிய சுமை. களைத்த கால் தரையிறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயும்.

அன்றைக்கு அவளுக்குக் குதிப்புப் பரிசோதனை வைத்திருந்தேன். தரையில் டேப் ஒட்டி, ஒற்றைக் காலில் நின்று எவ்வளவு தூரம் தாண்டி அசையாமல் நிற்க முடிகிறது என்று அளப்பது. வலது காலில் 148 சென்டிமீட்டர். தாண்டும்போது எதிரே சுவரைப் பார்த்தாள். இடது காலுக்கு மாறியதும் பார்வை தரைக்கு இறங்கிவிட்டது. கைகளை இரண்டு முறை வீசிப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். மூன்றாம் முறை தாண்டினாள். 119. தொப்பென்று கனமாகச் சத்தம் கேட்டது. வலது கால் இறங்கியபோது அந்தச் சத்தம் இல்லை. முட்டியை மடக்கி வேகத்தை வாங்கிக்கொள்ளாமல் விறைப்பாக இறங்கியிருக்கிறாள் என்று அர்த்தம். மூலையில் நாற்காலியில் இருந்த அப்பாவும் அந்தச் சத்தத்தைக் கேட்டார்.

119-ஐ 148-ஆல் வகுத்தால் 80 சதவீதம். நாங்கள் எதிர்பார்ப்பது குறைந்தது 90. தொடையின் முன்தசை வலுவைக் கருவியில் அளந்தபோது இன்னும் குறைவு, 74. அந்த 74-தான் எனக்கு முக்கியம். குதிக்கும்போது இடுப்பும் கணுக்காலும் சேர்ந்து முட்டியின் குறையை மறைத்துவிடும். தசையைத் தனியாக அளந்தால் மறைக்க இடமில்லை.

"நடக்கிறா, ஓடுறா, த்ரீ பாயிண்டரெல்லாம் போடுறாளேங்க" என்றார் அப்பா.

"வலியும் இல்லை ஆன்ட்டி" என்றாள் மகள்.

இந்த இரண்டு வாக்கியங்களையும் நான் நூறு முறையாவது கேட்டிருப்பேன். வலி நின்றுபோவது நான்காம், ஐந்தாம் மாதமே நடந்துவிடும். உள்ளே வைத்துத் தைத்த புது ஜவ்வு அதற்கு அப்புறமும் பல மாதம் பக்குவப்பட்டுக்கொண்டேதான் இருக்கும். 2016-ல் டெலவேர்-ஆஸ்லோ ஆய்வுக் குழுவினர் வெளியிட்ட முடிவு எங்கள் தொழிலில் எல்லோருக்கும் மனப்பாடம். ஒன்பது மாதம் வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் முட்டியில் மறுபடி காயம்படுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இதை மட்டும் கேட்டுவிட்டு "ஒன்பது மாதம் போதும்" என்று எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். அதே ஆய்வின் இன்னொரு பாதியை யாரும் சொல்வதில்லை. வலு, குதிப்பு எல்லாப் பரிசோதனையிலும் தேறிய பின் ஆடப் போனவர்களில் மறுபடி காயம்பட்டது 5.6 சதவீதம் பேர். தேறாமல் போனவர்களில் 38 சதவீதம். 25 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் மறுபடி விளையாடப் போனால் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இந்தக் காலிலோ அந்தக் காலிலோ மீண்டும் ஏ.சி.எல். கிழிகிறது என்கிறது இன்னொரு தொகுப்பு ஆய்வு. இரண்டாம் முறை கிழிந்து வருகிற பெண்ணின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒருத்தி ஏழாவது மாதத்தில் களமிறங்கினாள். அணியில் ஆள் குறைவு, எல்லோரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். மூன்றாவது ஆட்டம் முடிந்த மறுநாள் ஊன்றுகோலோடு வந்து என் எதிரே உட்கார்ந்து, "எல்லோரையும் ஏமாற்றிவிட்டேன்" என்று அழுதாள். முட்டி கிழிந்தது அவளுக்கு. மன்னிப்புக் கேட்பதும் அவளேவா? இப்போது நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது. அவளை அன்று இன்னும் கொஞ்சம் உறுதியாக நான் நிறுத்தி வைத்திருக்க வேண்டும்.

பெண்களுக்கு ஏன் இது அதிகம் என்று கேட்பார்கள். ஒரே ஆட்டத்தை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏ.சி.எல். காயம் பல மடங்கு அதிகம் என்பது உண்மை. இடுப்பு அகலம், எலும்பின் அமைப்பு, ஹார்மோன் என்று காரணங்களை அடுக்கலாம். அவற்றில் எதையும் நாம் மாற்ற முடியாது. மாற்றக்கூடியது தசை வலுவும் தரையிறங்கும் பழக்கமும். அங்கேதான் பெண் பிள்ளைகளைக் கைவிடுகிறோம். 2021 மார்ச்சில் தேசியப் போட்டிக்காக சான் அன்டோனியோவில் கூடிய பெண்கள் அணிகளுக்குக் கொடுத்த எடைப் பயிற்சிக் கூடத்தில் இருந்தது சின்ன டம்பெல்கள் அடுக்கிய ஒரே ஒரு ஸ்டாண்டு. ஆண்களுக்கோ ஒரு முழு ஜிம். ஓரிகன் ஆட்டக்காரி செடோனா பிரின்ஸ் அதை வீடியோ எடுத்துப் போட்ட பிறகுதான் மாற்றினார்கள். நாட்டின் மிகச் சிறந்த பெண்கள் அணிகளுக்கே இந்த நிலை. பளு தூக்கினால் உடம்பு ஆண் பிள்ளை மாதிரி ஆகிவிடும் என்று என்னிடம் வருகிற நம் தமிழ் அம்மாக்களே சொல்கிறார்கள். தொடைக்கு வலு வேண்டும் அம்மா, தயவுசெய்து தூக்கவிடுங்கள்.

முறையான வார்ம்-அப்பும் அப்படித்தான். குதித்து மெதுவாக இறங்குவது, ஒற்றைக் காலில் சமநிலை, பக்கவாட்டில் ஓடி நிற்பது, தொடையின் பின்தசைக்கான பயிற்சி எல்லாம் சேர்ந்தது. பதினைந்து இருபது நிமிடம், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள். ஒழுங்காகச் செய்தால் ஏ.சி.எல். காயங்கள் பாதியாகக் குறைகின்றன. இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். ஆனால் சீசன் நெருங்க நெருங்க, புது ஆட்ட முறையைச் சொல்லித்தர நேரம் போதவில்லை என்று முதலில் வெட்டுவது இதைத்தான்.

சாப்பாட்டையும் சொல்லியாக வேண்டும். "அந்தப் பொண்ணு ரெண்டு கிலோ குறைச்சா இன்னும் வேகமா ஓடுவா" என்று ரசிகர்கள் சாதாரணமாகச் சொல்கிறார்கள். அது அந்தப் பெண்ணின் காதுக்குப் போகிறது. பயிற்சி கூடும் நேரத்தில் சாப்பாட்டைக் குறைத்தால் மாதவிடாய் நின்றுபோகலாம், முன்கால் எலும்பில் நுண்விரிசல் வரலாம். மகளுக்கு மூன்று மாதமாகத் தூரம் வரவில்லை என்றால் "பிராக்டிஸ் ஜாஸ்தி, அதான்" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அந்த அப்பாவிடம் ஒரு யோசனை சொன்னேன். "அண்ணா, அஞ்சு பேர் போடாதீங்க. பத்துப் பேர் போட்டு, ஒவ்வொருத்தருக்கும் எத்தனை நிமிஷம்னு பக்கத்துல எழுதுங்க." கூடைப்பந்து தெரிந்தவர், சட்டென்று பிடித்துக்கொண்டார். நாற்பது நிமிடத்தை ஐந்தால் பெருக்கினால் இருநூறு நிமிடம். அதைப் பத்துப் பேருக்குப் பங்கிட்டால் பிரஸ் ஆடும் கார்டுகள் யாரும் இருபத்தைந்தைத் தாண்ட வேண்டியதில்லை. முழுக்களப் பிரஸை ஒவ்வொரு குவார்ட்டரிலும் இரண்டு மூன்று நிமிடம் மட்டும் போட்டு, மற்ற நேரம் பாதிக் களத்தில் 2-3 சோன் (முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர்) ஆடலாம். மகளின் பெயருக்கு எதிரே பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இப்போதைக்கு சைபர்" என்றேன். "தேறினதுக்கு அப்புறம் முதலில் மோதல் இல்லாத பயிற்சி, பிறகு முழுப் பயிற்சி, அதுக்கும் பிறகு ஆட்டத்துல ஆறு நிமிஷம், எட்டு நிமிஷம்."

அவர் எழுதவில்லை. கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள்தான் பேனாவை வாங்கித் தன் பெயருக்கு எதிரே சைபர் போட்டாள். அப்புறம் 2 என்ற வட்டத்தில் ஒரு முதலாண்டுப் பெண்ணின் பெயரை எழுதி, "இவளுக்கு இடது கை டிரிபிள் வராது, நான் சொல்லித் தரேன்" என்றாள்.

அடுத்த பரிசோதனை டிசம்பர் முதல் வாரம். அதுவரை வாரத்தில் மூன்று நாள் தொடைக்குப் பளு, இரண்டு நாள் குதித்து இறங்கும் பயிற்சி. அன்றைக்கு அப்பா வேலைக்கு லீவு சொல்லிவிட்டாராம். டேப்பைத் தான்தான் பிடிப்பேன் என்கிறார்.