புகையே விறகாகும் பேரல்

மரவள்ளி அறுவடைக்குப் பின், விதைக் கரணைக்குப் போக மிஞ்சும் குச்சிகளை வரப்போரம் குவித்துக் கொளுத்தாமல் மண்ணில் இடும் கரியாக மாற்ற முடியுமா, அதற்கு எரிவாயு உருளை தேவைப்படுமா என்று ஆத்தூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். முடியும், உருளை தேவையில்லை, ஏனெனில் எரிவாயு குச்சிக்குள்ளேயே இருக்கிறது.

அடியில் காற்றுத் துளைகள் போட்ட 200 லிட்டர் இரும்புப் பேரலுக்குள், செங்கற்களின் மேல் அதைவிடச் சிறிய டிரம் ஒன்றை நிறுத்த வேண்டும். நன்றாகக் காய்ந்த குச்சிகளை அதில் நெருக்கி அடுக்கி மூடியை இறுக்கிவிட வேண்டும். டிரம்மின் அடிப்பக்கத்தில் மட்டும் சில துளைகள் இருக்கும். இரண்டுக்கும் இடையில் சுள்ளிகளை நிரப்பித் தீ மூட்டி, புகைபோக்கி வைத்த மூடியால் பேரலை மூட வேண்டும். துத்தநாகப் பூச்சுள்ள டிரம்மும் பூச்சிக்கொல்லி இருந்த டிரம்மும் ஆகவே ஆகாது.

முதலில் ஈரம் வெண்ணிற ஆவியாகப் போகிறது. சூடு ஏறத்தாழ 250 பாகை செல்சியசைத் தாண்டிய பிறகே எனக்கு மிகவும் பிடித்த கட்டம் வருகிறது. மரம் எரிகிறது என்று நாம் சொன்னாலும், சுடர்விட்டு எரிவது சூட்டில் மரத்திலிருந்து பிரியும் வாயுக்களே. தீக்குச்சியை உற்றுப் பார்த்தால் சுடர் மரத்தைவிட்டுச் சற்றே விலகி நிற்பது தெரியும். மூடிய டிரம்முக்குள் ஆக்சிஜன் கிடைக்காததால், மரத்தின் முக்கியப் பொருள்களான செல்லுலோஸும் லிக்னினும் எரியாமல் சிதைகின்றன. கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன், மீத்தேன், தார் ஆவி ஆகியவை அடித்துளைகள் வழியே பீறிட்டு நேராக வெளி நெருப்பில் போய் விழுகின்றன. அங்கே அவை பற்றிக்கொண்டு டிரம்மைச் சூடேற்ற, அந்தச் சூடு மேலும் வாயுவைப் பிரிக்க, சுள்ளி தீர்ந்த பின்னும் நெருப்பு உறுமிக்கொண்டே இருக்கும். புகைபோக்கியில் புகை ஏறக்குறைய மறைந்துவிடும். வெளியேறும் வாயுவின் அழுத்தமே காற்றை உள்ளே வரவிடாமல் தடுப்பதுதான் இந்த அமைப்பின் பேரழகு.

வாயு தீர்ந்ததும் அந்தத் தடுப்பும் போய்விடும். குளிரும் டிரம் காற்றை உள்ளிழுக்கும் என்பதால், பேரலின் காற்றுத் துளைகளையும் புகைபோக்கியையும் ஈரமண்ணால் அடைத்து, முற்றிலும் ஆறிய பிறகே திறக்க வேண்டும். சூட்டோடு திறந்தால் கரி பற்றிக்கொள்ளும். கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும் என்பதால் இந்த வேலையைக் கொட்டகைக்குள் செய்யவே கூடாது.

நன்றாக வெந்த கரி, ஒடித்தால் கணீரென்று ஒலிக்கும், விரலில் பிசுபிசுக்காது. காய்ந்த குச்சியின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு கரி கிடைக்கும். புதுக் கரி மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளக்கூடும் என்பதால், அதை நொறுக்கி மட்கிய தொழுவுரத்துடன் கலந்து சில வாரங்கள் ஊறவைத்த பின்னரே இட வேண்டும்.

இது எந்த மண்ணுக்கும் அருமருந்து என்று சொல்வோரை நான் ஏற்பதில்லை. கரியிலுள்ள சாம்பல் காரத்தன்மை உடையது. ஏற்காட்டுக் காபித் தோட்டங்களின் அமில மண்ணுக்கு அது நல்லது, சமவெளியில் சுண்ணாம்பு மிகுந்த மண்ணுக்கோ கெடுதலாகலாம். ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் போன்றவற்றில் இதைப் பல பருவங்கள் தொடர்ந்து சோதிக்க அரசு தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும். ஆத்தூர் வாசகர் முதலில் மண் பரிசோதனை செய்து, கார அமில நிலை (pH) 7-க்குக் கீழே, அதாவது அமிலப் பக்கம் இருந்தால் மட்டும் சில பாத்திகளில் இட்டு, பக்கத்துப் பாத்திகளைக் கரியிடாமல் விட்டு விளைச்சலை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.