கொஞ்சமாகக் கடிக்கும் ரைஸ் குக்கர்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு பாட்டி ரைஸ் குக்கரைப் பழைய சேலைத் துணியில் மூட்டை கட்டிக்கொண்டு மின்சாமான் பழுதுபார்க்கிற என் கடைக்கு வந்தார். குக்கரில் பழுது ஒன்றும் இல்லையாம், சோறு நல்லாத்தான் வேகுதாம். "ட்ரிப் சுவிட்சுதான் அடிக்கடி விழுது தம்பி. அதை எடுத்துட்டு நேரா வயர் குடுத்துருங்க." தொட்டால் கரண்ட் அடிக்கிறதா என்று கேட்டேன். "கொஞ்சமாத்தான் கடிக்கும். செருப்பு போட்டுக்குவேன்."

இருபது வருடமாக இந்த வேலை செய்கிறேன். இந்தப் பதில் மட்டும் இன்னும் பழகவில்லை.

கொஞ்சமாகக் கடிக்கிற குக்கர் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. எவ்வளவு கடிக்கும் என்பது நீங்கள் நிற்கிற இடத்தைப் பொறுத்தது. காய்ந்த செருப்பு, காய்ந்த கை என்றால் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். அதே குக்கர், அதே கசிவு, ஆனால் பீலியில் தண்ணீர் பிடித்து வந்த ஈரக்காலோடு சிமெந்துத் தரையில் நின்று தொட்டால் கையை எடுக்கவே விடாது. இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே என்கிறீர்கள். இத்தனை நாள் செருப்பு காய்ந்திருந்தது.

பாட்டியின் பிளக்கைப் பார்த்தேன். இரண்டு முள் பிளக். எர்த் ஓட்டைக்குள் பேனா மூடியைச் செருகித் திறந்து, 13 ஆம்பியர் சொக்கெட்டில் மாட்டி வந்திருக்கிறார்கள். கசிவை மண்ணுக்குள் இறக்குகிற எர்த் இணைப்பு இல்லாததால் கசிகிற கரண்டுக்கு அவர் உடம்பைத் தவிர வேறு வழியில்லை. வீட்டு ட்ரிப் சுவிட்ச் பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் விழும். ஒரு 7 வாட் பல்பு இழுக்கிற கரண்ட் அது. அந்த சுவிட்ச் விழுந்த ஒவ்வொரு தடவையும் அவரைக் காப்பாற்றியிருக்கிறது. அதைத்தான் கழற்றச் சொல்கிறார். திருடனைப் பார்த்துக் குரைத்த நாயை அடித்து விரட்டுவதுபோல.

நுவரெலியா, ஹட்டன் பக்கத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. சூடாகிற கம்பியான எலிமென்டின் குழாய்க்குள் அடைத்திருக்கிற வெள்ளைப் பவுடர் ஈரத்தை இழுக்கும். விருந்தாளி வந்தால் மட்டும் எடுக்கிற மின் அடுப்பு பனிக்காலம் முழுக்க அலுமாரிக்குள் கிடந்துவிட்டு, போட்டவுடன் ட்ரிப்பை விழுத்துவது இதனால்தான். காயவைத்து, மெகர் என்கிற கசிவு சோதிக்கும் கருவி வைத்துப் பார்த்தால் சிலது தேறிவிடும். தேறாததை நான் திருப்பிப் பூட்டிக் கொடுப்பதில்லை, எவ்வளவு திட்டினாலும்.

புதிதாக என்ன வாங்குவது? ரைஸ் குக்கர் என்றால் ஒற்றை நெம்புகோல் உள்ளதையே வாங்குங்கள். உள்ளே ஒரு காந்தம், ஒரு ஸ்பிரிங், ஒரு எலிமென்ட். கெட்டுப்போக அதிகம் இல்லை. பட்டன் வரிசையும் டிஸ்பிளேயும் உள்ளவற்றில் கரப்பான் புகுந்து சர்க்கிட் போர்டைக் கெடுத்து மேசைக்கு வருவதை வாரம் ஒன்றாவது பார்க்கிறேன். ஒன்று மட்டும்: பானையின் அடி நெளியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடியில் ஒட்டிய ஒரு சோற்றுப் பருக்கை போதும், பிளேட் கண்டபடி சூடாகும்.

கம்பி வெளியே தெரிகிற ஹொட் பிளேட்டை யார் சும்மா தந்தாலும் வாங்காதீர்கள். சட்டி கம்பியில் பட்டால் சட்டி முழுக்கக் கரண்ட்.

பராமரிப்பே இல்லாத சாமான் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது பிரஷர் குக்கர். உயரம் காரணமாக நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும், அதனால்தான் பருப்பு மசிய மாட்டேன் என்கிறது; பிரஷர் குக்கருக்குள் சூடு அதைவிட ஏறும். இறப்பர் வளையம் இறுகினால் மாற்றுங்கள், வெயிட் போடுகிற ஓட்டையை ஒவ்வொரு தடவையும் ஊதிப் பாருங்கள். வேறு வேலை இல்லை.

பழையதை எப்போது கைவிடுவது என்றால், பிளக் மட்டும் பழுப்பேறிச் சுட்டால் பிளக்கை மாற்றலாம், வயர் வெடித்திருந்தால் வயரை மாற்றலாம். ரைஸ் குக்கரின் பிளேட் கசிந்தால் பழுதுபார்க்க ஒன்றுமில்லை, எலிமென்ட் அதற்குள்ளேயே வார்த்தது. செலவு புதியதின் விலையில் பாதியைத் தாண்டினாலும் விட்டுவிடுங்கள். 2000 வாட் கேத்தல் 9 ஆம்பியர் வரை இழுக்கும். அதை 5 ஆம்பியர் சொக்கெட்டிலோ, மல்டி பிளக்கில் குக்கரோடு சேர்த்தோ போடாதீர்கள். ஐப்பசி இடி முழங்கும் பின்னேரங்களில் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள்.

கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். தீபாவளிக்கு வரும்போது சேலையோடு ஒரு மூன்று முள் பிளக்கும் வாங்கி வாருங்கள். அம்மாவிடம் "கரண்ட் அடிக்குதா?" என்று கேட்காதீர்கள், இல்லை என்பார். "செருப்பு போட்டுக்கிட்டா சமைக்கிறீங்க?" என்று கேளுங்கள்.

பாட்டியின் குக்கர் தேறவில்லை. வேறு யாரும் எடுத்துப் பாவிக்காமலிருக்க வயரை அடியோடு வெட்டிவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன். கோபம் வந்தது அவருக்கு. மருமகள் தந்ததாம். பானையை மட்டும் எடுத்துக்கொண்டார், கோழிக்குத் தண்ணீர் வைக்க.