பார்த்ததா, கேட்டதா?

தெருமுனையில் ஒரு பைக் ஆளை இடித்துவிட்டு நிற்காமல் போகிறது. திண்ணையில் உட்கார்ந்திருந்த எழுபது வயதுப் பெரியவர் அதைப் பார்க்கிறார். போலீஸ் வருவதற்குள் கூட்டம் கூடிவிடுகிறது. "சிவப்புச் சட்டைக்காரன்" என்கிறார் ஒருவர். ஒரு வாரம் கழித்து விசாரித்தால் பெரியவரும் சிவப்புச் சட்டை என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தச் சிவப்பு இப்போது அவர் கண்முன் தெரிகிறது.

கேட்டது பார்த்ததாக மாறிவிடும் இந்தக் குழப்பம் இளைஞர்களுக்கும் நடக்கும். 1974-இல் அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டினார்கள். கார்கள் 'மோதியபோது' என்ன வேகம் என்று சிலரிடமும், 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்று சிலரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு முதல் குழுவில் 50 பேரில் 7 பேர் ஆமாம் என்றார்கள். 'நொறுங்கிய' என்று கேட்ட குழுவில் 16 பேர். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை.

சரி, வயது இதில் எங்கே வருகிறது? ஒரு சம்பவத்தின் முகம், இடம், நேரம், சத்தம் எல்லாவற்றையும் சேர்த்து முடிச்சுப் போடுவது மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி. பிறகு நினைவுக்கு வருவது நாமே பார்த்ததா, யாரோ சொன்னதா என்று சரிபார்ப்பதில் நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மடலுக்குப் பெரிய பங்கு உண்டு. முதுமையில் இந்த இரண்டும் தளர்கின்றன. நடந்ததன் சாரம் தங்கிவிடுகிறது, ஒரு விவரம் எங்கிருந்து வந்தது என்பது மட்டும் கழன்றுவிடுகிறது. 1989-இல் கோஹன், ஃபாக்னர் என்ற ஆய்வாளர்கள் கண்டது இன்னும் கவலை தருவது: முதியவர்கள் தவறான தகவலை அதிகம் ஏற்றதோடு, தவறான பதிலையும் கூடுதல் உறுதியோடு சொன்னார்கள். சாட்சியின் உறுதியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளும் யாரும் இதை மறக்கக் கூடாது.

சிலரை வரிசையாக நிறுத்தி, குற்றம் செய்தவரைக் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பிலும் இதே சிக்கல்தான். குற்றவாளி வரிசையில் இல்லாதபோதும், 'எங்கேயோ பார்த்த முகம்' என்ற உணர்வை நம்பி முதியவர்கள் யாரையாவது காட்டிவிடும் வாய்ப்பு அதிகம். ஆனால் இதில் ஒரு நியாயமும் பார்க்க வேண்டும். எல்லோருக்குமே தங்கள் வயதுக்காரர் முகம்தான் எளிதில் பதியும். இளைஞர் முகங்களை மட்டும் காட்டிச் சோதித்தால் முதியவர்கள் இன்னும் மோசமாகத் தெரிவார்கள்.

ஆகவே அவர்களை ஒதுக்குவது தீர்வல்ல. கூட்டம் பேசுவதற்கு முன்பே அவர்களிடம் கேட்க வேண்டும். "சிவப்புச் சட்டையா?" என்று எடுத்துக்கொடுக்காமல் "என்ன பார்த்தீங்க, சொல்லுங்கய்யா" என்று விட்டுவிட வேண்டும். ஃபிஷர், கைசல்மன் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1980-களில் உருவாக்கிய விசாரணை முறை இப்படிப்பட்டதுதான். மனதளவில் அந்த இடத்துக்கே திரும்பப் போகச் சொல்லி, குறுக்கிடாமல் கேட்பார்கள். அணிவகுப்புக்கு முன்பு, "அந்த ஆள் இதில் இல்லாமலும் இருக்கலாம்" என்று மறக்காமல் சொல்லிவிட வேண்டும்.