கடல் மண்ணை அள்ளிக்கொண்டு வந்து காருக்கு அடிக்காதீங்க

திரும்பவும் ஒரு மொறிஸ் மைனர் எண்ட பழைய காரின்ர பொனெட். நிலாவெளிப் பக்கம் இருந்து ஒரு தம்பி கொண்டுவந்தவர், வீட்டில தானே சாண்ட் பிளாஸ்ட் (காத்து அமுக்கத்தில மண் அடிச்சுக் கறள், பெயின்ற் எடுக்கிறது) பண்ணினவராம், நடுத்தகடு வீங்கிக் கிடக்கு, தட்டி எடுக்கேலுமோ அண்ணை எண்டு கேட்டார். பொனெட் கிடக்கட்டும், என்ன மண் அடிச்சனீங்க எண்டு கேட்டன். கடற்கரையில அள்ளி, நல்ல தண்ணியில கழுவி, காயவச்சு அரிச்சதாம். முகத்துக்கு லேஞ்சி. பக்கத்தில அவற்ற சின்ன மகன் பாத்துக்கொண்டு நிண்டவனாம்.

நான் டிங்கரிங், பெயின்ற் வேலைக்காரன், டொக்டர் இல்லை. ஆனா இதே கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு, அதால எழுதுறன்.

எல்லாரும் சொல்லுறது ஒண்டுதான், "கழுவின மண்தானே, தூசி இல்லையே". கழுவினா உப்புப் போகும், ஏற்கெனவே இருந்த தூசி போகும், சரி. ஆனா நீங்க அந்த மணலை 90 பி.எஸ்.ஐ அமுக்கத்தில இரும்பில மோத விடுறீங்க, மோதின உடனே ஒவ்வொரு குறுணியும் உடையுது, உடையேக்க புதுசாத் தூசி பிறக்குது. கழுவினது அந்தத் தூசிக்கு என்ன செய்யும்? ஒண்டும் செய்யாது. பத்துத் தரம் கழுவினாலும் அதுதான் கதை. சாதாரண மணல்ல கூடுதலாக் கிடக்கிறது குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. கண்ணுக்குத் தெரியிற தூசி மூக்கில தங்கிடும், தெரியாத தூசிதான் நுரையீரலின்ர அடிக்குப் போய் அங்கயே இருக்கும். வேலை முடிஞ்சு காத்து தெளிஞ்ச மாதிரி இருந்தாலும் அது மிதந்துகொண்டுதான் நிக்கும். லேஞ்சியோ கொரோனாக் காலத்து மாஸ்க்கோ அதை மறிக்காது.

அதால வாற வருத்தத்துக்குப் பேர் சிலிக்கோசிஸ். மாத்த மருந்து இல்லை. சயரோகம் பிடிக்கிற ஆபத்தும் கூடும், நுரையீரல் புற்றுநோயும் வரலாம். பிரிட்டனில வார்ப்புச் சாமானுக்கும் வேற சாமானுக்கும் மணல் அடிக்கிறதை 1949ம் ஆண்டு விதியோடயே நிப்பாட்டிட்டாங்க. துருக்கியில ஜீன்ஸ் துணிக்கு மணல் அடிச்ச இளம் பெடியங்கள் இந்த வருத்தத்தில செத்தபிறகுதான், 2009ல, அங்க அந்த வேலையைத் தடை செய்தாங்க. நாங்கள் இன்னும் வாளியோட கடற்கரைக்குப் போறம்.

வேற சிலபேர் புல்மோட்டைக் கறுப்பு மண் பாரமானது, அது நல்லம்தானே எண்டு கேக்கிறாங்க. இல்மனைற் எண்ட கறுப்புக் கனியத்தோட குவார்ட்ஸும் கலந்துதான் அதில கிடக்கு, மொனசைற் எண்ட கனியமும் கொஞ்சம் இருக்கு, அதுக்குள்ள கதிர்வீசுற தோரியம் இருக்கு. அதை அள்ளவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம்.

மணலுக்குப் பதிலா அடிக்கிறதுக்கு கார்னெட் குறுணி இல்லாட்டி அலுமினியம் ஒக்சைட் குறுணி வாங்குங்கோ. காசுதான், ஆனா தார்ப்பாய் விரிச்சுக் கூட்டி அரிச்சுத் திரும்பவும் பாவிக்கலாம். சோடாத் தூள் அடிச்சா பெயின்ற்றைக் கழட்டும், கறளை எடுக்காது, வடிவாக் கழுவாட்டி மேல அடிக்கிற பெயின்ற்றும் ஒட்டாது.

சாமான் வாங்கேக்க மண் அடிக்கிற துவக்கைப் பாத்து மயங்காதீங்க, அதுக்குக் காத்துக் குடுக்கிற கொம்ப்ரெசரைப் பாருங்கோ. கடைக்காரர் குதிரைவலுவும் டாங்கியின்ர லீற்றரும்தான் சொல்லுவார், நீங்க கேக்கவேண்டியது நிமிசத்துக்கு எத்தனை கன அடி காத்துத் தள்ளும் எண்டு. துவக்கு வாயில இருக்கிற 3 மில்லிமீற்றர் நொசிலுக்கே 90 பி.எஸ்.ஐயில கிட்டத்தட்ட 18 கன அடி வேணும், வீட்டு 2 குதிரைவலுக் கொம்ப்ரெசர் ஆறேழுதான் தரும், பிறகு அரை நிமிசம் அடிச்சு அஞ்சு நிமிசம் காத்திருந்து மோட்டரைச் சுடவைக்கிறதுதான் மிச்சம். அப்பிடிக் கொம்ப்ரெசர் வச்சிருக்கிற ஆக்கள் சாமானை உள்ளுக்க வச்சு அடிக்கிற மூடின கபினெட் ஒண்டு வாங்கி பிறாக்கற், ஹிஞ்ச் மாதிரிச் சின்னச் சாமானை மட்டும் துப்புரவாக்குங்கோ. எங்கட ஊர்ப் புழுக்கத்துக்கு ஹோஸில தண்ணி பிரிக்கிற ட்ராப் கட்டாயம் வேணும், இல்லாட்டி ஈரம் பட்டு நொசில் அடைக்கும்.

பொனெட், கூரை, கதவுத் தகடு மூண்டுக்கும் அடிக்கவே வேண்டாம். சூட்டால வளையுது எண்டு நினைக்கிறாங்க, உண்மையில ஒரு பக்கத்தை லட்சம் சின்னச் சுத்தியலால தட்டின மாதிரி அந்தப் பக்கம் இழுபட்டுத்தான் வீங்குது. பெயின்ற் ரிமூவரும் பொறுமையும் போதும் அதுக்கு.

சேஸி நம்பர் வெட்டின இடத்தை ரேப் ஒட்டி மூடுங்கோ, அழிஞ்சா மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில பெரிய கரைச்சல். பெற்றோல் டாங்கியைத் தொடவே வேண்டாம். பழைய பெயின்ற்றில ஈயம் இருக்கும், பிள்ளையளையும் கர்ப்பிணியளையும் அந்தப் பக்கமே விடாதீங்க, போட்ட உடுப்பை வீட்டு உடுப்போட தோய்க்காதீங்க. வெளியில அடிக்கிறதெண்டா தலையை மூடிச் சுத்தமான காத்து வாற ஹூட் போடுங்கோ, ஆனா எண்ணெய் போடுற கொம்ப்ரெசரின்ர காத்தை நேரா அதுக்குள்ள விடாதீங்க, எண்ணெய்ப் புகையைத்தான் குடிப்பீங்க. நொசிலை ஆற்றையும் உடம்புக்கு நேர பிடிக்காதீங்க, விளையாட்டுக்கும் வேண்டாம்.

அடிச்சு முடிஞ்ச தகட்டை வெறுங்கையால தொடாம அண்டைக்கே எபொக்சி பிறைமர் போடுங்கோ, உவர்க்காத்து ஒரு ராவும் பொறுக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம், மாசி பிறக்கட்டும்.