ஜூரி என்றால் தேர்வுக்குழு இல்லை

"தேர்வுக்குழுத் தலைவர் அவர்களை விருதுகளை அறிவிக்க மேடைக்கு அழைக்கிறோம்."

போன டிசம்பரில் குன்னூரில் நடந்த ஒரு குறும்பட விழாவில் இப்படி அறிவித்தார்கள். மேடையேறியவர் சென்னையிலிருந்து வந்திருந்த ஓர் ஒளிப்பதிவாளர். விழாவுக்கு வந்து குவிந்த படங்களில் எதைத் திரையிடலாம் என்று முடிவு செய்ததில் அவருக்குப் பங்கே கிடையாது. அந்த வேலையைச் செய்த மூன்று பேரும் கடைசி வரிசையில், எனக்குப் பக்கத்தில், காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு மாதம் ராத்திரி ராத்திரியாக நூற்றுக்கு மேல் படங்களைப் பார்த்து, தங்களுக்குள் சண்டை போட்டு, பதினெட்டுப் படங்களைப் பிரித்தெடுத்தவர்கள் அவர்கள்தான். அழைப்பிதழில் அவர்கள் பெயர் எங்குமே இல்லை. அவர்களுக்குரிய பட்டத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்ட பிறகு, இவர்களை என்ன சொல்லி அச்சிடுவது?

பரிசை முடிவு செய்யும் ஜூரியைத் தேர்வுக்குழு என்று மொழிபெயர்க்கும் இந்தக் குழப்பம் குன்னூரில் பிறந்ததில்லை. ஒவ்வொரு மே மாதமும் பிரான்ஸில் கேன்ஸ் திரைப்பட விழா நடக்கும்போது தமிழ்ச் செய்திகளில் படிக்கிறேன்: 'தேர்வுக்குழு உறுப்பினராக இந்திய நடிகை', 'தேர்வுக்குழுவின் சிறப்பு விருது'. படித்துப் படித்துச் சலித்துவிட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஜூரி என்ற சொல்லின் பிறப்பை நாலு வரியில் சொல்லிவிடலாம். லத்தீனில் 'யூஸ்' என்றால் சட்டம், உரிமை. அதிலிருந்து வந்த 'யூராரே' என்ற வினைக்குச் சத்தியம் செய்தல் என்று பொருள். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. ஆக, ஜூரி என்பது சத்தியம் செய்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தவர்களின் கூட்டம். நம் நாட்டு நீதிமன்றங்களிலும் ஜூரர்கள் இருந்தார்கள். 1959-இல் நடந்த, கடற்படை அதிகாரி நானாவதியின் கொலை வழக்கால் அந்தச் சொல் வீட்டுக்கு வீடு தெரிந்தது. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அந்த முறைக்கு இடமில்லாமல் போனது. நீதிமன்றத்தை விட்டுச் சொல் வெளியேறி, கண்காட்சிகளிலும் திரைப்பட விழாக்களிலும் நிலைத்துவிட்டது. இடம் மாறியதே தவிர வேலை மாறவில்லை. முன்னால் வைக்கப்பட்டதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எந்த வழக்கு வர வேண்டும் என்று ஜூரர் முடிவு செய்ததில்லை. எந்தப் படம் போட்டிக்கு வர வேண்டும் என்று விழா ஜூரியும் முடிவு செய்வதில்லை.

கேன்ஸையே எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் முழுநீளப் படங்கள் அங்கே வந்து சேர்கின்றன. விழாவின் ஆட்கள் உட்கார்ந்து பார்த்து, இருபது, இருபத்திரண்டு படங்களை முதன்மைப் போட்டிக்கு எடுக்கிறார்கள். இந்தப் பணிக்குத் தலைவர் தியரி ஃப்ரெமோ, பல ஆண்டுகளாக அவரேதான். ஜூரியோ ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2024-இல் இயக்குநர் கிரெட்டா கெர்விக் தலைமையில் ஒன்பது பேர் இருந்தார்கள். இந்திய இயக்குநர் பாயல் கபாடியாவின் படத்துக்குக் கிராண்ட் பிரீ என்ற விருதைக் கொடுத்தது இந்த ஒன்பது பேர். அதைப் போட்டிக்குள் கொண்டுவந்தது ஃப்ரெமோவின் குழு. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் இந்தியப் படம் முதன்மைப் போட்டிக்குள் வந்தது தேர்ந்தெடுத்தவர்களால். பரிசு பெற்றது தீர்ப்புச் சொன்னவர்களால். இரண்டும் இரண்டு செய்தி. இரண்டையும் 'தேர்வுக்குழு' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

தேர்வுக்குழு என்ற சொல் தமிழ் வாசகனுக்குப் புதிதா என்ன? கிரிக்கெட் தெரிந்த எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்வான். அணியில் யார் ஆட வேண்டும் என்று முடிவு செய்வது தேர்வுக்குழு. மைதானத்தில் விரலைத் தூக்குபவர் நடுவர். நடுவரைத் தேர்வுக்குழு என்று எந்த விளையாட்டுச் செய்தியாளரும் எழுதியதில்லை. விளையாட்டுப் பக்கத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கும் சொல், சினிமாப் பக்கத்துக்கு வந்ததும் ஏன் கலங்குகிறது?

எதிர்த்தரப்பு சொல்வதையும் கேட்டிருக்கிறேன். ஜூரியும் சிறந்த படத்தைத் தேர்வு செய்யத்தானே செய்கிறது, அப்புறம் தேர்வுக்குழு என்றால் என்ன தப்பு என்கிறார்கள். ஒரே ஒரு குழு இருக்கும் இடத்தில் தப்பில்லை. ஓர் இலக்கியப் பரிசுக்கு ஐந்து பேர் கூடி ஒரு நூலை எடுக்கிறார்கள் என்றால் அவர்கள் தேர்வுக்குழுதான், நானும் அப்படித்தான் எழுதுவேன். இரண்டு குழுக்கள் இரண்டு கட்டமாக வேலை செய்யும் இடத்தில்தான் சொல் இடறுகிறது. கோவாவில் நடக்கும் இந்தியப் பன்னாட்டுத் திரைப்பட விழாவின் இந்தியன் பனோரமா பிரிவில், படங்களைத் தேர்ந்தெடுப்பவர்களையே ஜூரி என்றுதானே அழைக்கிறார்கள் என்று இன்னொருவர் மடக்கினார். ஆமாம், அழைக்கிறார்கள். அது ஆங்கிலத்தில் நேர்ந்த தளர்ச்சி. அதே விழாவில் உச்ச விருதான தங்க மயிலுக்குத் தீர்ப்புச் சொல்லும் ஜூரி வேறாக இருக்கிறது. அங்கே ஆங்கிலம் விட்ட பிழையைத் தமிழ் ஏன் சுமக்க வேண்டும்? பனோரமாவுக்குத் தேர்ந்தெடுப்பவர்களைத் தமிழில் தேர்வுக்குழு என்று சொன்னால் மூலத்தைவிடத் தெளிவாக இருக்குமே.

ஜூரியை நடுவர் குழு என்று சொல்லலாமே என்றால், நடுவர் என்றதும் விசில் ஊதுபவர் நினைவுக்கு வருகிறாராம், கலைக்குப் பொருந்தவில்லையாம். இது எனக்குப் புரியவே இல்லை. குற்றவியல் நடுவர் விசில் ஊதுகிறாரா? 1990-இல் அமைத்த காவிரி நடுவர் மன்றம்? பட்டிமன்ற நடுவர்? நடு என்றால் ஒரு பக்கமும் சாயாத இடம். வள்ளுவர் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்தவருக்கு வேண்டிய முதல் குணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தனித்தமிழ் அன்பர்கள் சிலர் 'அறங்கூறவையம்' என்கிறார்கள். மதுரைக்காஞ்சியில் வரும் அழகான சொல், எனக்கும் பிடிக்கும். நீதிமன்ற ஜூரிக்கு அது பொருந்தும். குறும்பட விழா மேடையில் அதை ஒலிபெருக்கியில் சொன்னால் பாதிப் பேருக்கு என்னவென்று தெரியாது. நடுவர் குழு எல்லோருக்கும் தெரியும், தமிழாகவும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

இதைவிட என்னை வருத்தும் தொடர் ஒன்று உண்டு: 'அஃபிஷியல் செலக்‌ஷன்' என்பதை அப்படியே மொழிபெயர்த்த 'அதிகாரப்பூர்வத் தேர்வு'.

கோத்தகிரியில் என் வீட்டுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் ஒரு பையன் இருக்கிறான். கல்லூரியில் படிக்கிறான். செல்போனிலேயே பதினோரு நிமிடப் படம் எடுத்திருந்தான். குன்னூர் விழாவில் திரையிட்ட பதினெட்டில் அதுவும் ஒன்று. பரிசு கிடைக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் கொடுத்த சான்றிதழ் அவனுக்கும் கிடைத்தது. கெட்டியான தாள், தங்க நிறக் கரை, நடுவில் இரண்டு இலைக்கொத்துகள், அவற்றுக்குள் 'தேர்வுக்குழுவின் அதிகாரப்பூர்வத் தேர்வு' என்று அச்சு. அதைப் பார்த்து அவன் அம்மா பரிசு என்றே நினைத்துவிட்டார். லைன் முழுக்கச் சொல்லி, கேசரி கிண்டிக் கொடுத்தாயிற்று. பையன் தட்டையும் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"சார், நான் ஜெயிச்சேனா இல்லையா? இதுல என்னதான் போட்டிருக்கு?"

தமிழில் அச்சிட்ட சான்றிதழைத் தமிழ்ப் பையன் ஒருவன் கொண்டுவந்து பொருள் கேட்கிறான். அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

அந்த இலைக்கொத்து கிரேக்க, ரோமானிய மரபில் வென்றவன் தலையில் சூட்டிய மாலை. நம் மரபில் வாகைப் பூ எப்படியோ அப்படி. போட்டியில் கலந்துகொண்ட படத்துக்கும் அதைப் போடுவது உலகம் முழுக்க வழக்கமாகிவிட்டது, அதை இனி மாற்ற முடியாது. படம் இப்படிக் குழப்பும்போது பக்கத்தில் உள்ள சொல்லாவது தெளிவாக இருக்க வேண்டும். 'அதிகாரப்பூர்வ' என்றதும் நமக்கு அரசாணையும் முத்திரையும்தான் நினைவுக்கு வரும். 'தேர்வு' என்றால் பாதிப் பேருக்குப் பரீட்சை, மீதிப் பேருக்கு 'விருதுக்குத் தேர்வு'. இரண்டையும் சேர்த்தால் அரசாங்கமே கொடுத்த விருது போல ஒலிக்கிறது.

பிரெஞ்சில் அந்தத் தொடருக்கு இருக்கும் பொருளே வேறு. கேன்ஸ் நகரத்தில் விழா நாட்களில் விழாவின் சொந்தப் பிரிவுகளோடு பக்கத்திலேயே வேறு அமைப்புகளின் பிரிவுகளும் நடக்கின்றன. 1962 முதல் விமர்சகர் வாரம். 1969 முதல் இயக்குநர்களின் பதினைந்து நாள். அவற்றிலிருந்து பிரித்துக் காட்டத்தான் 'இது விழாவே எடுத்த படம்' என்கிறார்கள். 1972-க்கு முன்னால் பெரும்பாலும் அந்தந்த நாடே தன் படத்தை அனுப்பிவைத்தது. அதன் பிறகுதான் விழா தானே தேடி எடுக்கத் தொடங்கியது. ஆகவே அங்கே அழுத்தம் அதிகாரத்தில் இல்லை, எடுத்தது யார் என்பதில் இருக்கிறது. பக்கத்துப் பிரிவே இல்லாத குன்னூர் விழாவுக்கு அந்த அடைமொழியே தேவையில்லை.

சரி, என்ன சொல்லலாம்? வழி காட்டியவர் அந்தப் பையனின் பாட்டி. இலங்கை மலையகத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, இலங்கையின் அட்டன் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்து நீலகிரியில் குடியேறியவர்களில் ஒருவர். வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்தவர். பையனும் நானும் பேசிக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்று கேட்டார்:

"என்னப்பா, தெரிவு செஞ்சாங்களா, இல்ல பரிசே குடுத்தாங்களா?"

நாங்கள் அரைமணி நேரமாகச் சுற்றிச் சுற்றிப் பேசியதை அவர் ஒரே கேள்வியில் பிரித்துவிட்டார். தெரிவு செஞ்சதுதான், பரிசு இல்லை என்றேன். "அப்ப சரி. நெறுக்குற எடத்துல முத்தல் இலைய எடுத்துப்போட்டு நல்ல கொழுந்த வாங்கிக்கிடுவாங்கள்ல, அந்த மாதிரி. டீ ருசி பாக்குறவரு வேற ஆளு" என்றார்.

இலங்கைத் தமிழில் பரீட்சை வேறு, தெரிவு வேறு. நாடாளுமன்றத் தெரிவுக்குழு என்று அங்கே செய்தியில் சாதாரணமாக எழுதுகிறார்கள். தெரி, தேர் இரண்டும் பழைய தமிழ் வினைகள். 'தெரிந்து தெளிதல்' என்று திருக்குறள் அதிகாரத் தலைப்பே உண்டு. நாம் இங்கே தேர்வைப் பரீட்சைக்குக் கொடுத்துவிட்டு, தெரிவை மறந்துவிட்டோம். அதை மீட்டுக்கொண்டால் எல்லாம் ஒழுங்காக அமையும். திரையிட எடுப்பவர்கள் தெரிவுக்குழு. பரிசு சொல்பவர்கள் நடுவர் குழு. எடுத்த படம் விழாத் தெரிவு. தெரிவு கூச்சமாக இருந்தால் 'திரையிடத் தேர்ந்தெடுத்த படம்' என்று நீட்டியாவது எழுதலாம். நீளம் ஒரு குற்றமில்லை.

விருதுப் பெயர்களிலும் இந்த அவசரம்தான். பாயல் கபாடியாவின் கிராண்ட் பிரீயைக் கேன்ஸின் உச்ச விருது என்று எழுதியவர்கள் உண்டு. 1955-இல் பாம் தோர் என்ற விருது வந்து கிராண்ட் பிரீயின் முதலிடத்தைப் பிடித்தது, 1964 முதல் 1974 வரை கிராண்ட் பிரீ மறுபடியும் முதலிடத்தில் இருந்தது, 1975 முதல் பாம் தோர்தான் உச்சம், இப்போது கிராண்ட் பிரீ இரண்டாவது. பாம் தோரைத் 'தங்கப் பனை' என்கிறோம். பிரெஞ்சில் அது மரத்தைக் குறிப்பதில்லை, ஓலையைக் குறிக்கிறது. பரிசும் ஓலை வடிவில்தான் இருக்கிறது. 'தங்க ஓலை' என்று சொல்லிப் பாருங்கள், எவ்வளவு நன்றாக இருக்கிறது! 2015-இல் வெனிஸ் விழாவில் 'விசாரணை' பெற்றது ஆம்னஸ்டி அமைப்பின் இத்தாலியப் பிரிவு கொடுத்த விருது. அந்த விழாவின் உச்ச விருதான தங்கச் சிங்கத்தை முடிவு செய்த நடுவர்கள் கொடுத்ததில்லை. யார் கொடுத்தார்கள் என்று சொல்வதால் அந்தப் படத்தின் பெருமை ஒரு துளியும் குறையாது, மனித உரிமை அமைப்பு ஒன்று மதித்த படம் என்ற கூடுதல் செய்தி கிடைக்கும். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் அகப்பட்ட சொல்லை எடுத்துப் போடாமல், அந்த ஆள் அங்கே என்ன வேலை செய்கிறார் என்று ஒரு நிமிடம் கேட்டாலே போதும், பாதிப் பிழை வராது.

அடுத்த விழாவின் அழைப்பிதழை என்னிடம் திருத்தக் கொடுத்திருக்கிறார்கள். நடுவர் குழுவை உடனே ஏற்றுக்கொண்டார்கள். தெரிவுக்குழு என்றால் தேர்வுக்குழுவுக்கு அச்சுப்பிழை என்று நினைத்துவிடுவார்களோ என்று இன்னும் தயங்குகிறார்கள். பேசிக்கொண்டிருக்கிறோம். எதை அச்சிட்டாலும், இரண்டாம் பக்கத்தில் அந்த மூன்று பேரின் பெயரும் வருகிறது.