கடலுக்கு முன்னால் இருளும் முகம்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் விடிவதற்கு முன்பே கேமராவோடு ஆட்கள் வந்துவிடுவார்கள். இங்கே சூரியன் எழுவது கடலிலிருந்து. கடலைப் பின்னால் வைத்து ஆளை நிறுத்தினால் வெளிச்சமெல்லாம் அவர் முதுகில்தான் விழும். என் அக்கா மகளை அப்படி நிறுத்தி எடுத்த படத்தில் வானம் செக்கச்செவேலென்று வந்தது. அவள் முகம் வெறும் நிழலாக இருந்தது. முகம் தெரியட்டும் என்று, கேமராவுக்குள் வெளிச்சத்தை விடும் கதவான ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டினேன். முகம் தெரிந்தது, வானம் வெளுத்துப்போனது.

நம் கண்ணுக்கு இரண்டுமே தெரிகிறதே? வானத்தைப் பார்க்கையில் கண்மணி சுருங்குகிறது, முகத்தைப் பார்க்கையில் விரிகிறது. மூளை இரண்டையும் சேர்த்து ஒரே காட்சியாக்கிவிடுகிறது. கேமராவோ ஒரு படத்துக்கு ஒரே அளவைத்தான் வைத்துக்கொள்ளும். அதனால் முகத்துக்குத் தனியாக வெளிச்சம் தர வேண்டும். பகலில் எதற்கு ஃபிளாஷ் என்று பலர் கேட்கிறார்கள். எனக்கு அது அதிகம் கைகொடுத்திருப்பது பகலில்தான்.

ஃபிளாஷுக்குள் ஒரு மின்தேக்கி சுமார் 300 வோல்ட் வரை மின்னூட்டம் ஏற்றிக்கொள்கிறது. பொத்தானை அழுத்தியதும் அது செனான் வாயு நிரம்பிய கண்ணாடிக் குழாய் வழியே ஒரேயடியாகப் பாய்கிறது. வரும் வெளிச்சம் பெரும்பாலும் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் முடிந்துவிடும். இந்தச் சின்ன நேரம்தான் நமக்குப் பெரிய வசதி.

குழாயடியில் குடம் நிரம்பிக்கொண்டிருக்கிறது. நடுவே யாரோ ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் அதில் ஊற்றுகிறார்கள். குடத்தைச் சீக்கிரம் எடுத்துவிட்டால் குழாய்த் தண்ணீர் குறையும். சொம்புத் தண்ணீர் குறையாது. வானத்தின் வெளிச்சம் குழாய், ஃபிளாஷ் சொம்பு. ஷட்டரை 1/100 நொடியிலிருந்து 1/200 நொடிக்கு மாற்றினால் வானம் பாதியாக மங்கும். ஃபிளாஷ் முகத்தில் போட்ட வெளிச்சம் அப்படியே இருக்கும். லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையான அப்பர்ச்சர் குடத்தின் வாய் மாதிரி, அதைக் குறுக்கினால் இரண்டுமே குறையும். ஆக, வானத்துக்கு ஷட்டர், முகத்துக்கு ஃபிளாஷின் பவர் என்று தனித்தனியாகச் சரிசெய்யலாம். இது புரிந்த அன்று எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

ஷட்டருக்கு ஒரு எல்லை உண்டு. அது ஒன்றன்பின் ஒன்றாக நகரும் இரண்டு திரைகளால் ஆனது. பெரும்பாலான கேமராக்களில் 1/200 அல்லது 1/250 நொடியைத் தாண்டினால், முதல் திரை முழுக்கத் திறப்பதற்குள் இரண்டாம் திரை மூடத் தொடங்கிவிடும். படத்தின் ஒரு பக்கம் ஃபிளாஷ் வெளிச்சம் படாமல் இருண்ட பட்டையாக வரும்.

அடுத்தது தூரம். 1 மீட்டரில் இருக்கும் ஃபிளாஷை 2 மீட்டருக்குத் தள்ளினால் முகத்தில் விழும் வெளிச்சம் பாதியல்ல, கால் பங்காகிவிடும். 3 மீட்டரில் ஒன்பதில் ஒரு பங்கு. சூரியனோ சுமார் 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால், ஆள் நாலடி தள்ளி நின்றாலும் அதன் வெளிச்சம் மாறாது. ஃபிளாஷை நகர்த்துவதே பல நேரம் போதுமான திருத்தம்.

அப்புறம் நிறம். ஃபிளாஷின் வெளிச்சம் நடுப்பகல் வெயில் போல, வெளிச்சத்தின் நிறத்தை அளக்கும் கணக்கில் சுமார் 5500 கெல்வின். விடிகாலை வெளிச்சம் அதைவிட நன்றாகச் சிவந்தது. இரண்டையும் அப்படியே சேர்த்தால் முகம் வெட்டி ஒட்டியதுபோல் தெரியும். ஃபிளாஷின் முகப்பில் ஜெல் எனப்படும், ஒளி ஊடுருவும் இளம் ஆரஞ்சுத் தாளை ஒட்டினால் இது சரியாகும். பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியின் மஞ்சள் சுவர்களில் ஃபிளாஷைத் திருப்பி அடிக்கும்போதும் கவனம் வேண்டும். மஞ்சள் சுவர் நீலத்தை விழுங்கிவிட்டு மீதியைத்தான் திருப்பி அனுப்பும்; முகமெல்லாம் மஞ்சள் பூசியதுபோல் ஆகிவிடும்.

வெறும் ஃபிளாஷ் சின்ன விளக்கு, மூக்கின் நிழல் கத்தியால் கீறியதுபோல் விழும். விளக்கு பெரிதாக இருந்தால் பல கோணங்களிலிருந்து வெளிச்சம் வந்து நிழலின் ஓரத்தை நிரப்பும். இதற்கு, வெளிச்சத்தைப் பரப்பும் துணிப்பெட்டியான சாஃப்ட்பாக்ஸ் வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. வெள்ளை நாலு முழ வேட்டியை விரித்துப் பிடித்து, பின்னாலிருந்து ஃபிளாஷை அடித்துப் பாருங்கள். வேட்டி முழுவதும் விளக்காகிவிடும். துணி கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்னும் என்பதால் முகத்துக்கு எவ்வளவு கிட்டே முடியுமோ அவ்வளவு கிட்டே பிடிக்க வேண்டும். கடற்காற்றில் அது பாய்போல உப்பும், ஆளுக்கொரு பக்கமாக இரண்டு பேர் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.